“பேத்தி ஆல்பம் ஆச்சா?”

கேள்வி: டிஜிட்டல் ஸ்க்ராப்புக்கிங்தான், அதாவது கம்ப்யூட்டரிலேயே படங்களை அலங்கரித்து ஆல்பப் பக்கம் செய்வதுதான், என் பொழுதுபோக்கு. பல வருடங்களாகக் கிட் கிட்டாக (ஒன்றோடொன்று பொருந்தும் அலங்காரப் படங்களின் தொகுப்பு) வாங்கியும், இலவசமாகக் கிடைத்ததை இறக்கியும் சேர்த்ததில், பின்னணித் தாள், பூ, ரிப்பன், பட்டன், ஃபிரேம், எழுத்துத் தொகுப்பு என்று ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கே நிறைந்துவிட்டது. பாதி இன்னும் ஜிப் ஃபைலாகவே கிடக்கிறது. முதலில் டிசைனர் வாரியாக வைத்திருந்தேன், பிறகு நிறம் வாரியாக மாற்றினேன். இப்போது பூ தனி, பட்டன் தனி என்று பிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறது. ஒரு பக்கம் செய்ய உட்கார்ந்தால் தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. மகளின் சின்ன வயது ஆல்பத்தைத் தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட நினைக்கிறேன். மாமியார் வேறு, வரும்போதெல்லாம் “பேத்தி ஆல்பம் ஆச்சா?” என்று கேட்கிறார். அவருக்கு இதெல்லாம் புரியாது. எப்படி அடுக்கினால் சரிவரும்?

பதில்: கடிதம் முழுக்கத் தாளும் பூவும் ரிப்பனும். அதில் வாய் திறந்து பேசுகிற ஆள் ஒரே ஒருவர்தான், உங்கள் மாமியார். அவரையும் “வேறு” என்று சலிப்போடு உள்ளே கூட்டி வந்து, “அவருக்கு இதெல்லாம் புரியாது” என்று அடுத்த வரியிலேயே வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

எது புரியாது அவருக்கு? ஜிப் ஃபைல் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் இத்தனை பொருளையும் எதற்காகச் சேர்த்தீர்கள் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேத்தியின் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மறக்காமல் கேட்கிறார் என்றால், இன்னும் நம்பிக்கையை விடவில்லை என்று பொருள். அந்தக் கேள்வி தொந்தரவாகத் தோன்றுகிறது என்றால், பதில் உங்களிடம் இல்லை என்பதால்தான்.

இதே கடிதம் வேறு வேறு பெயர்களில் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. தையல் துணி சேர்ப்பவர், பின்னல் நூல் சேர்ப்பவர், சமையல் குறிப்பு சேர்ப்பவர், எல்லோருக்கும் ஒரே நினைப்பு: அடுக்கி முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம். அடுக்குவது முடிவதே இல்லை. ஒரு பக்கம் அடுக்க அடுக்க, மறுபக்கம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் டிசைனர், நிறம், வகை என்று மூன்று விதமாக மாற்றிப் பார்த்துவிட்டீர்கள். அந்த நேரத்தில் ஒரு சிறிய ஆல்பமே முடிந்திருக்கும். “சின்ன வயது ஆல்பம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வயது தாண்டிவிட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

வீட்டில் பெரியவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டதை, அவர்கள் கண் நன்றாகத் தெரிகிற காலத்திலேயே செய்து கொடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. மருமகள் கடமை என்று உங்கள் தலையில் மட்டும் கட்டவும் மாட்டேன். கேட்பவர் உங்கள் கணவரின் அம்மா. கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வீட்டில் இருக்கிற போன்கள், பழைய மெமரி கார்டுகள், குடும்ப குரூப்பில் வந்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொண்டுவந்து சேர்க்கிற வேலை அவருடையது. இன்றைக்கே சொல்லுங்கள்.

ஏனென்றால் முதலில் கை வைக்க வேண்டியது படங்களில். போனிலோ கேமராவிலோ எடுத்த மூலப் படத்துக்குள், எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் தெரிவது அது உங்களிடம் வந்து சேர்ந்த தேதி. அளவும் சுருங்கும். நீளப் பக்கம் 1600 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சிடும்போது 5 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் கூட வரும். முழுப் பக்கத்துக்கு அதை இழுத்தால் முகம் மங்கிவிடும். எடுத்தவரிடம் மூலப் படத்தைக் கேட்டு, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

மூலம் கிடைக்காத படங்களுக்குத் தேதி எங்கிருந்து வரும்? உங்கள் மாமியாரிடமிருந்து. அந்தச் சட்டையை யார் வாங்கிக் கொடுத்தது, அன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள், ஓரத்தில் பாதி முகம் தெரிகிற அந்தப் பெண் யார், குழந்தை ஏன் அழுதது, இதெல்லாம் அவருக்குத் தெரியும். படங்களைத் திரையில் பெரிதாகக் காட்டி, அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம். எது ஆல்பத்தில் வர வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். நீங்கள் ஆயிரம் படம் வைத்திருப்பீர்கள், அவர் இருபது முப்பதுக்கு மேல் கேட்க மாட்டார். எந்தெந்தத் தாளும் பூவும் வேண்டும் என்பது அந்த இருபது முப்பது படங்கள் கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இனி உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறேன்.

பூ தனி, பட்டன் தனி என்று பிரிக்கிறீர்களே, அதை இப்போதே நிறுத்துங்கள். ஒரு கிட்டில் இருக்கிற தாளும் ரிப்பனும் பட்டனும் ஒன்றோடொன்று நிறம் சேர வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து வரைந்தவை. அதைக் கலைத்து எல்லாப் பட்டனையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், ஒரு பட்டனுக்குப் பொருந்துகிற தாளை நீங்கள் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். இப்போது தேடுவதில் நேரம் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். யாருடைய வேலை, எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்கிற விவரமும் கிட்டோடு வருகிற குறிப்பு ஃபைலில்தான் இருக்கும். கலைத்தவுடன் அதுவும் அநாதையாகிவிடும். மேலே டிசைனர் பெயர், உள்ளே கிட் பெயர், அதற்குள் கிட் முழுசாக. நீங்கள் முதலில் வைத்திருந்த முறையே சரி.

ஏற்கெனவே கலைத்தவற்றை ஒன்று சேர்க்கவும் வழி இருக்கிறது. ஜிப் ஃபைல் கைவசம் இருந்தால் மறுபடி பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஃபைல் பெயரைப் பாருங்கள். பல டிசைனர்கள் தங்கள் பெயரின் சுருக்கத்தையும் கிட் பெயரையும் முன்னால் போட்டிருப்பார்கள். அந்த முன்னொட்டைத் தேடலில் கொடுத்தால் சிதறியவை வரிசையாக வந்து நிற்கும்.

நிறம், வகை, பருவம், மனநிலை இதற்கெல்லாம் டேக், அதாவது தேடினால் அகப்படுகிற அடையாளச் சொல், போட வேண்டும். ஒரு ஃபைல் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும், டேக் எத்தனை வேண்டுமானாலும் ஏற்கும். அதற்காக ஒவ்வொரு பட்டனுக்கும் டேக் போட உட்கார்ந்துவிடாதீர்கள், அது இன்னொரு முடிவில்லாத வேலை. கிட்டோடு ஒரு முன்னோட்டப் படம் வரும் இல்லையா, எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டுகிற படம், அதற்கு மட்டும் போடுங்கள். ‘மஞ்சள்’, ‘மழை’, ‘பிறந்தநாள்’, ‘பள்ளி’ என்று நாலைந்து சொல் போதும். படத்தைப் பார்த்தால் கிட் தெரியும், கிட் தெரிந்தால் ஃபோல்டர் தெரியும்.

டேக் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட வேண்டும், ஒரு மென்பொருளின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கக் கூடாது. படங்களை அடுக்கி வைக்கிற பிகாசா என்ற மென்பொருளைக் கூகுள் 2016இல் நிறுத்தியபோது, அதற்குள் மட்டுமே ஆல்பம் ஆல்பமாகப் பிரித்து வைத்திருந்தவர்களுக்கு அந்த உழைப்பை வேறிடத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாடாகிவிட்டது. விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஜேபெக் படத்துக்கு டேக் போடலாம், பிஎன்ஜிக்குப் போட முடியாது. அடியில் இருக்கிற தாள் தெரியும்படி பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் பூ, பட்டன், ரிப்பன் எல்லாம் பிஎன்ஜியாகத்தான் வரும். அடோபி பிரிட்ஜ், டிஜிகாம் என்ற இரண்டு மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கின்றன, இரண்டு வகை ஃபைலுக்குள்ளும் டேக் எழுதும். டிஜிகாமில், டேக்கைப் படத்துக்குள் எழுதும் தெரிவு இயங்குகிறதா என்று அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் ஆர்கனைசர் வைத்திருந்தால், ஃபைல்களை அதற்குள்ளிருந்தே நகர்த்துங்கள். வெளியே எக்ஸ்ப்ளோரரில் இடம் மாற்றினால், ஃபைலைக் காணவில்லை என்று அது சொல்லும்.

ஜிப் ஃபைல்களால் இடம் மிச்சமாகிறது என்று நினைத்து வைத்திருந்தால், அப்படி இல்லை. ஜேபெக்கும் பிஎன்ஜியும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஜிப் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சுருக்காது. ஜிப்பாகவே கிடப்பதில் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் பார்க்கவும் வழியில்லை. இந்த ஆல்பத்துக்கு வேண்டிய கிட்டை மட்டும் பிரித்து, முன்னோட்டத்துக்கு டேக் போட்டு, ஃபோல்டரில் வையுங்கள். மற்றவை கிடக்கட்டும். பக்கம் செய்யச் செய்ய, தொட்டதெல்லாம் ஒழுங்காகும். தொடாமலே கிடப்பது உங்களுக்குத் தேவைப்படாதது, அதை மனம் கோணாமல் அழிக்கலாம். ஃபான்ட்களை மொத்தமாக இன்ஸ்டால் செய்யாதீர்கள், பட்டியலில் தேடுவதற்குள் சலித்துவிடும். ஆல்பம் முழுக்க இரண்டு ஃபான்ட் போதும்.

பக்கம் செய்யும்போது இதைக் கட்டாயம் கவனியுங்கள். கிட்களில் தாள் பெரும்பாலும் 12 அங்குலச் சதுரம், 300 டிபிஐ, அதாவது 3600 பிக்சலுக்கு 3600. அந்த அளவில் பக்கம் செய்து 8 அங்குல ஆல்பமாக அச்சிட்டால், எல்லாம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். திரையில் நீங்கள் போட்ட 12 பாயின்ட் எழுத்து கையில் 8 பாயின்ட்டாக வந்து சேரும், உங்கள் மாமியாரால் அதைப் படிக்க முடியாது. 8 அங்குலம்தான் என்றால் 21 பாயின்ட் போடுங்கள், கையில் 14 கிடைக்கும். அச்சில் ஓரம் வெட்டுவார்கள், முகமும் எழுத்தும் விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். எழுத்தின் மேல் ரிப்பன் ஓட வேண்டாம். பாட்டி சொன்ன வார்த்தைகளை, அவர் சொன்ன பேச்சு வழக்கிலேயே படத்துக்குக் கீழே எழுதுங்கள். உங்கள் மகள் பின்னாளில் தேடிப் படிக்கப் போவது அந்த வரிகளைத்தான்.

ஆல்பம் அச்சுக்குப் போகும் வரை புதிதாக ஒரு கிட்கூட வாங்கக் கூடாது, இலவசமானாலும் இறக்கக் கூடாது. இதில் உங்களுக்குச் சலுகை தர எனக்கு மனமில்லை.

இன்னொன்று. எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்கிறீர்கள். பூவும் பட்டனும் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், குழந்தை தவழ்ந்த படத்தை வாங்க முடியாது. படங்களுக்கும் முடித்த பக்கங்களுக்கும், பின்னால் திருத்த வசதியாகத் தாள், படம், எழுத்து தனித்தனி அடுக்காக இருக்கிற பிஎஸ்டி ஃபைல்களோடு, இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். அந்த இரண்டாவது டிஸ்க் உங்கள் வீட்டிலேயே இருந்தால் பயன் பாதிதான். மாமியார் வீட்டில் கொடுத்து வையுங்கள், பத்திரமாக வைத்திருப்பார்.