மங்கோலிய சதுரங்கக் காய்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஷதர் என்னும் மங்கோலிய சதுரங்கத்தின் காய்களில் எது எது என்று எப்படி அறிவது?

பதில்: அரசனின் இடத்தில் நொயோன் என்னும் பிரபு அமர்ந்திருப்பார். மந்திரியின் இடத்தில் இரு திமில் ஒட்டகமும், யானையின் இடத்தில் வண்டியும் நிற்கும். சில செதுக்குநர்கள் வண்டியைச் சுருக்கிச் சக்கரமாக மட்டும் காட்டிவிடுவார்கள். குதிரை குதிரையே. சிப்பாய்களாகச் சிறுவர்களோ விலங்குக் குட்டிகளோ வருவது உண்டு.

கேள்வி: என்னிடமுள்ள தொகுப்பில் எட்டுக் குட்டிகளும் எட்டு விதமாக இருக்கின்றன. பல தொகுப்புகளைக் கலந்து விற்றுவிட்டார்களா?

பதில்: அந்த ஒரு காரணத்தை வைத்து ஐயப்பட வேண்டாம். கடைசல் இயந்திரத்தில் ஒன்றுபோல உருட்டியெடுத்த காய்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது குறையாகப் படும். இவை ஒவ்வொன்றாகக் கத்தியால் செதுக்கப்பட்டவை. ஒரு குட்டி படுத்திருக்க, அடுத்தது தலையைத் திருப்பிப் பார்க்குமாறு அமைப்பதில்தான் செதுக்குநரின் கைத்திறனே இருக்கிறது. பீடத்தின் வண்ணத்தை மட்டும் சுரண்டிவிடாதீர்கள்.

கேள்வி: அரசியின் இடத்தில் நிற்கும் பெர்ஸ் நாய் என்கிறேன், நண்பர் சிங்கம் என்கிறார்.

பதில்: இருவரும் சரியே. புலியாகவும் செதுக்குவார்கள்.

கேள்வி (அந்த நண்பர்): இரு அணியிலும் ஒரே விலங்கு இருந்தாக வேண்டுமல்லவா?

பதில்: வேண்டியதில்லை. ஓரணிக்குச் சிங்கமும் மற்றதற்குப் புலியும் அமைந்த தொகுப்புகள் உண்டு. எதிரணி நொயோனுக்கு, அன்று சீனாவை ஆண்ட மஞ்சு அரசின் அதிகாரி உடை அணிவித்தவையும் உண்டு. 1911 வரை மங்கோலியா மஞ்சு ஆட்சியின் கீழ் இருந்ததை நினைத்தால் அந்தக் குறும்பு விளங்கும். விலங்கு எதுவாயினும், பழைய முறையில் பெர்ஸ் நேர்க்கோட்டில் எவ்வளவு தொலைவும், மூலைவாக்கில் ஒரே கட்டமும் செல்லும். இருவரும் இத்துடன் ஆட்டத்தைத் தொடங்கலாம்.

கேள்வி: இரு அணிக்கும் ஒரே நிற மரம். வெள்ளை எது, கறுப்பு எது?

பதில்: பல தொகுப்புகளில் பீடத்தின் வண்ணமே அணியைப் பிரிக்கும். ஆகவேதான் சுரண்ட வேண்டாம் என்றேன்.

கேள்வி: பீடத்தில் அழுக்குப் படிந்துள்ளது. உப்புத்தாள் போடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: குதிரையால் இறுதி முற்றுகை வைக்கலாமா?

பதில்: ஷதரில் முடியாது, குதிரை முற்றுகைக்குத் துணை நிற்கலாம், கடைசி அடியை வேறொரு காய்தான் கொடுக்க வேண்டும். மற்ற ஆட்ட விதிகளை விளையாடுபவர்களிடம் கேளுங்கள். நான் காய்களைப் பற்றிப் பேச வந்தவன்.

கேள்வி: மென்கல்லில் செதுக்கிய தொகுப்பு மங்கோலியாவுடையதுதானா?

பதில்: அண்டையிலுள்ள ரஷ்யக் குடியரசான துவாவுடையதாகவும் இருக்கலாம். அங்கு பாய்-தைகா பகுதிச் செதுக்குநர்கள் சோனார்-தாஷ் என்னும் மென்கல்லில் இதே உருவங்களைச் செய்கிறார்கள். கல் எளிதில் கீறும். துணியில் தனித்தனியே சுற்றி வையுங்கள்.