கும்மி வட்டம்

அன்புள்ள அம்மா,

என் அப்பாவுக்கு வயது 72. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தில் கணக்கு எழுதியவர். எங்கு போவதானாலும் சைக்கிள்தான். அம்மா காலமானபின் அவரைப் பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டோம். சில மாதங்களாகப் பெயர்கள் மறந்துபோகின்றன. அதனால் காலையில் டிரெட்மில்லில் அரைமணி, பிறகு டேப்லெட்டில் சுடோகு, மாலையில் உறவினர்களோடு வீடியோ கால் என்று அட்டவணை போட்டிருக்கிறேன். வல்லாரை மாத்திரையும் தருகிறேன். மூளைக்கு இவை போதுமா? வேறு நல்ல செயலி உண்டா?

ச.

அன்புள்ள ச.,

செயலிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வல்லாரையைத் துவையலாக அரைத்துக் கொடுங்கள். மாத்திரையை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் அட்டவணைதான் என்னை இரண்டு நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. உடம்புக்கு ஒரு வேளை, மூளைக்கு ஒரு வேளை, மனிதர்களுக்கு ஒரு வேளை என்று அப்பாவைக் கூறுபோட்டு வைத்திருக்கிறீர்கள். அவர் சைக்கிள் மிதித்துச் சங்கத்துக்குப் போய், பத்துப் பேரோடு பேசி, லிட்டருக்குக் கணக்குப் பார்த்துத் திரும்பியபோது இம்மூன்றும் ஒரே வேலையாகத்தானே நடந்தன?

நானும் இதே தவற்றைச் செய்தவள். அப்பா போனபின் அம்மாவைப் பவானியிலிருந்து கோவைக்குக் கூட்டிவந்து, "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார்" என்றேன். அம்மா உட்கார்ந்தாள். ஒரு வருடத்தில் கேட்டதையே திரும்பக் கேட்கத் தொடங்கினாள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக்கோடிக் கோயில் திடலில், முருகன்-வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மிப் பயிற்சி ஆரம்பித்தது. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயா, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. பெண்களுக்கு அப்படித் திறந்துவிட்ட வட்டத்துக்குள் 74 வயதில் அம்மாவும் போய் நின்றாள்.

கும்மியை வெளியே நின்று பார்ப்பவர்களுக்குக் கைதட்டல் மட்டுமே தெரியும். ஆசிரியர் ஓர் அடி பாடி முடிப்பதற்குள் அடுத்த அடவு நினைவுக்கு வரவேண்டும். குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, திரும்பும்போது முன்னால் போகிறவளின் காலையும் பார்க்கவேண்டும். அம்மா வலப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்புவாள். பக்கத்தில் ஆடிய பதினொரு வயதுச் சிறுமி ஒன்றும் சொல்லாமல் அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிடுவாள். இரவில் தோசைக்கல் காய்வதற்குள் அடுப்படியிலேயே அம்மா அந்தத் திருப்பத்தைப் போட்டுப் பார்ப்பாள். அந்தச் சிறுமி அரையாண்டுத் தேர்வில் கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆராய்ச்சி என்று ஒன்று வேண்டுமானால் சொல்கிறேன். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்டார்கள். நடை, நீச்சல், சைக்கிள் உள்ளிட்ட உடல் அசைவுகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் குறைவாக வருவதோடு சேர்ந்து காணப்பட்டது. நினைவு தளர்ந்தவர்கள் முன்பே ஆட்டத்தை விட்டிருக்கலாம் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரையுள்ள 1,260 பேரிடம் செய்த சோதனை இதைவிட உறுதியானது. அவர்களில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இதய-ரத்தநாள ஆபத்துகளின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் இரண்டு ஆண்டுகள் சேர்த்தே கொடுத்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் சிந்தனைத் திறன் கூடுதலாக மேம்பட்டதை 2015-இல் வெளியிட்டார்கள். அங்கும் பயிற்சியில் ஒரு பகுதி குழுவாக நடந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாட்டின் அடி மாறும் இடத்தில் அம்மா எப்போதும் தடுமாறினாள். ஞாபகம் போய்விட்டது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். "அம்மாவுக்குக் காது கேட்கிறதா, பாருங்கள்" என்றவர் ஆசிரியர்தான். சோதித்தால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் பாதியாகக் குறைந்திருந்தது. நான் கேள்வி கேட்டுவிட்டு, அவள் பதிலை வைத்து மறதியை அளந்துகொண்டிருந்தேன். கேள்வியே அவளை எட்டியிருக்கவில்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் 2024-இல் மறதிநோய்க்கு வழிவகுப்பவை என்று பட்டியலிட்ட 14 காரணங்களில் காது மந்தமும் தனிமையும் உண்டு. காதுக்குக் கருவி வைத்தபின்பும் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவளாகத்தான் அம்மா இருந்தாள். ஆனால் அரங்கேற்றத்தன்று சலங்கை கட்டி, கடைசிப் பாட்டுவரை வட்டத்தை விட்டு வெளியே வரவில்லை.

உங்கள் அப்பாவுக்குக் காது சோதித்தீர்களா? பெங்களூரில் அவர் தனியாகக் கடைக்குப் போய்க் காசு எண்ணிக் கொடுத்து எத்தனை நாளாயிற்று? அன்பினால்தான் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அன்பு அவர் கையிலிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டது. உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் கணக்கெழுத ஆள் தேவையா என்று இன்றைக்கே விசாரியுங்கள். மாதம் ஒருமுறை கோபிக்கு அனுப்பிவையுங்கள். பஸ்ஸில் அவரே போவார். இவ்வளவு நீளக் கடிதத்தில் அப்பா சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பால் சங்கத்தில் அவர் எப்படிக் கணக்கு வைத்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அன்புடன்.