நேர்ந்தது அம்மா, போக வேண்டியது நானா?

கேள்வி: எனக்கு 23 வயது, சென்னையில் வேலை. மூன்று வயதில் கடுமையான காய்ச்சலில் கிடந்தபோது, 'பிள்ளை பிழைத்தால் சாமியாராக அனுப்புகிறேன்' என்று அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார்களாம். கல்யாணப் பேச்சு வந்தாலே அதை ஞாபகப்படுத்துகிறார்கள். எனக்கும் சில நாள் குருவாகலாமே என்று தோன்றுகிறது, சில நாள் குடும்பம், குழந்தை என்று ஆசை வருகிறது. போகாவிட்டால் குற்றமாகுமா? இது என் ஆசையா, அம்மாவின் ஆசையா?

— பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: தம்பி, முதலில் அந்தப் பயத்தை விடு. நேர்ச்சை என்பது அதைச் செய்தவரை மட்டுமே கட்டும், கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1193-ஆம் எண் இதைத் தெளிவாகவே சொல்கிறது. அம்மாவுக்கு மனது உறுத்தினால் பங்குச்சாமியிடம் பேசட்டும், அதிலிருந்து விடுவிக்க வழி இருக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்திக் குருப்பட்டத்துக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1026-ஆம் எண். தகுதியானவனைத் தடுக்கவும் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது, அது 'ஒரே பிள்ளை' என்று அழும் அம்மாக்களுக்கு.

சரி, இனி உன் ஆசைக்கு வருவோம். 1521-இல் பாம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்துக் கிடந்தார், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார். படிக்க வீரக்கதை கேட்டார், வீட்டில் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும்தான் இருந்தன. ஒரு பெரிய இடத்துப் பெண்ணை நினைத்து மணிக்கணக்கில் கனவு காண்பார், இனிக்கும், முடிந்ததும் மனது வறண்டுபோகும். புனிதர்களைப் போல வாழலாமே என்று நினைத்தாலும் இனிக்கும், ஆனால் அந்த இனிப்பு பிறகும் தங்கியது. நீயும் அந்த 'பிறகு' எப்படி இருக்கிறது என்றுதான் கவனிக்க வேண்டும். ஊரே மாலையோடும் பேண்டு வாத்தியத்தோடும் திரளும் புதுக் குருவின் முதல் பூசையைப் பார்த்தால் யாருக்கும்தான் ஆசை வரும். இராத்திரி இரண்டு மணிக்கு நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க பைக்கை எடுப்பது, கல்லறைத் தோட்டத்துச் சுவர்ச் சண்டையில் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது, ஞாயிறு மூன்று பூசை முடித்து ஆறிப்போன சோற்றின் முன்னால் தனியாக உட்காருவது, இதையெல்லாம் யோசித்த பிறகும் ஆசை நிற்கிறதா, பார்.

குடும்ப ஆசை இருப்பதாலேயே குருவாகக் கடவுளின் அழைத்தல் இல்லை என்றாகாது. அந்த ஆசையே இல்லை என்று வருகிறவனைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் கவலை.

மறைமாவட்டத்தில் இறையழைத்தல் பணிக்கென்று ஒரு குரு இருப்பார், அவரிடம் பேசி, குருவாக யோசிக்கிறவர்களுக்கான 'வந்து பாருங்கள்' முகாமுக்கு ஒருமுறை போய் வா. போனால் கையெழுத்துப் போட்டதாக ஆகாது. குருமடத்தில் சேர்ந்தாலும் தயாரிப்புக் காலம், தத்துவம் 2 வருடம், இறையியல் 4 வருடம், இடையில் பங்குகளில் பயிற்சி, குருப்பட்டத்துக்கு முந்தைய படியான தியாக்கோன் பட்டத்துக்கு அப்புறம் குறைந்தது 6 மாதம் என்று பாதை நீளம், அத்தனை காலமும் நீ யோசிக்கலாம், அவர்களும் உன்னை எடைபோடுவார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் நிறையப் பேர் பாதியில் வந்துவிட்டார்கள். அதில் ஒருவன் இப்போது மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, ஊர் இன்னும் குருமடத்துப் பையனைக் கூப்பிடுவது போல 'பிரதர்' என்றுதான் கூப்பிடுகிறது, பாசமா கிண்டலா என்று அவனுக்கே தெரியாது.

அப்புறம் ஒன்று. முகாமுக்குப் போகிற சேதியை அம்மாவிடம் திரும்பி வந்த பிறகு சொல். முன்னாடியே சொன்னால் தெரு முழுக்க லட்டு கொடுத்துவிடுவார்கள்.