டிஸ்சார்ஜ் ஆகும் முன் மருந்தை ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்

"பையனுக்கு 2 வயது, 12 கிலோ. நிமோனியாவுக்காக ஐந்து நாள் அட்மிட் ஆகியிருந்தான், நாளை டிஸ்சார்ஜ். போன வருடம் இதே மாதிரி வீட்டுக்கு வந்த ராத்திரியே எந்த மருந்து எத்தனை மில்லி என்று குழம்பிப்போனோம். இந்தத் தடவை என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

குழம்பியது உங்கள் தப்பில்லை. ஒரு பக்கம் பில், ஒரு பக்கம் இன்சூரன்ஸ், குழந்தை வேறு சிணுங்கும். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் வந்து நாலு மருந்தை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போவார், நாமும் தலையாட்டிவிடுவோம். வார்டில் வேலை பார்க்கும் எங்கள் மேல்தான் இதில் பாதிக் குற்றம். இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. சரி, அந்த நேரம் எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். மருந்துகளை முதலிலேயே வாங்கி வந்து கட்டில் மேல் பரப்பிவிடுங்கள்.

முதலில் காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்தால் உங்கள் பையனுக்கு 180 மி.கி. ஆனால் 5 மில்லியில் 120 மி.கி. உள்ள பாட்டில் என்றால் அது 7.5 மில்லி, 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3.6 மில்லிதான், ஒரு மில்லியிலேயே 100 மி.கி. உள்ள ட்ராப்ஸ் என்றால் 1.8 மில்லி. கடைக்காரர் பாட்டிலை மாற்றிக் கொடுத்து நீங்கள் பழைய அளவையே ஊற்றினால் இரண்டு மடங்கு, ட்ராப்ஸாக இருந்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். அதனால் சீட்டில் மில்லியோடு மி.கி.யையும் எழுதி வாங்குங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம். சிரிஞ்சில் நீங்களே இழுத்து, "இதுதானே?" என்று சிஸ்டரிடம் காட்டுங்கள்.

ஆன்டிபயாட்டிக் பவுடர் பாட்டிலாக இருந்தால், தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்குவதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்றால் கலந்தபின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், 7 நாளுக்கு மேல் ஆகாது.

அப்புறம், எப்போது திரும்பி ஓடிவர வேண்டும் என்பதைத் தமிழிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஆங்கிலம் ராத்திரி இரண்டு மணிக்கு உதவாது. அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி மூச்சு 40-ஐத் தொட்டால், நெஞ்சுக்கூட்டின் அடிப்பக்கம் உள்ளே இழுத்தால், தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால் உடனே 108.

நீங்கள் வேலைக்குப் போனபின் மருந்து கொடுக்கப்போவது பாட்டி என்றால், நாளை வார்டுக்கு அவரையும் அழைத்து வாருங்கள். சிரிஞ்சு அவர் கையில் இருக்கட்டும்.