ஆய்வை எண்ணுவதா, படிப்பதா? ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் கூடிய ஆய்வு மாணவர்கள் எழுதித் தந்த கேள்விகளும் அவற்றுக்கு நான் அளித்த பதில்களும்.

கேள்வி: ஐயா, எச்-இன்டெக்ஸ் 12 என்றால் என்ன? (மாணவி, வியாசர்பாடி)

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மதிப்பிட இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு அது. ஆய்வுக் கட்டுரைகளில் குறைந்தது 12 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 12 இருக்கின்றன என்பதே அதன் பொருள். அவற்றுள் ஒன்று ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலும் எண் 12ஆகவே நிற்கும். இந்த எண் வயதோடு ஏறும், துறைக்குத் துறை மாறும். ஆகவே கணிதம் படித்தவரை மருத்துவருடன் இதைக் கொண்டு ஒப்பிடுவது தவறு.

கேள்வி: இம்பாக்ட் ஃபேக்டர் உயர்ந்த இதழில் வந்தால் கட்டுரையும் உயர்ந்ததுதானே? (மாணவர், இராயபுரம்)

இல்லை தம்பி. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதையே அது சொல்கிறது. பெரும்பகுதி மேற்கோள்களைச் சில கட்டுரைகளே ஈட்டித் தருவதால், அந்தச் சராசரி உங்கள் கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தனி ஆய்வாளரை இதழின் எண்ணால் அளக்கக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு குறித்து 2012இல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டதும் இதனால்தான்.

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தின் மாசு குறித்து ஆராய்கிறேன். உள்ளூர்ப் பொருளுக்கு மேற்கோள் வராது என்று நெறியாளர் தலைப்பை மாற்றச் சொல்கிறார். (மாணவி, எண்ணூர்)

மாற்றாதீர்கள், அம்மா. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோது, அந்த நீரையும் சேற்றையும் மீனையும் முன்பே அளந்து வைத்திருந்த தரவுகளின் அருமை எத்தகையது என்பதை மீனவக் குடும்பங்களிடம் கேட்டால் தெரியும். எந்த மேற்கோள் பட்டியலும் அதைக் காட்டாது. ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015இன் லைடன் அறிக்கை வகுத்த 10 நெறிகளில், உள்ளூருக்குப் பயன்படும் சிறந்த ஆய்வைக் காக்க வேண்டும் என்பதும் ஒன்று. நெறியாளரிடம் அதைக் காட்டுங்கள். அளவீட்டு முறையைப் பிற நாட்டுக் கழிமுகங்களை ஆராய்வோருக்கும் உதவும்படி ஒரு கட்டுரையாக எழுதுங்கள். முடிவுகளை ஊராருக்குத் தமிழில் தாருங்கள். உங்கள் தரவை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள், நேர்காணலில் அதுவே உங்கள் சான்று.

கேள்வி: தரமான ஆய்விதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி கேர் பட்டியல் இனி இல்லையே? (ஆசிரியர், தண்டையார்பேட்டை)

அது கைவிடப்பட்டதாக 2025இல் அறிவித்தார்கள். இனி ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார், கட்டுரையைப் படித்துத் திருத்தம் கேட்கிறார்களா, பணம் கட்டியதும் ஏற்றுக்கொள்கிறார்களா என்று நாமே பார்க்க வேண்டும்.

கேள்வி: எண்களை விட்டு, வல்லுநர் குழு படித்து மதிப்பிடுவது என்றால் வேண்டியவருக்குச் சாதகமாக நடக்காதா? (மாணவர், திருவொற்றியூர்)

நடக்கும், அந்த அச்சம் நியாயமானது. பிரிட்டன் தன் பல்கலைக்கழகங்களின் ஆய்வை அளந்த 2021 மதிப்பீட்டில் ஓர் ஆய்வாளரின் பெயரில் அதிகபட்சம் ஐந்து படைப்புகளே ஏற்கப்பட்டன, அவற்றைக் குழுக்கள் மதிப்பிட்டன. நம் குழுக்களும் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்காமல், தேர்ந்த சிலவற்றைப் படித்து, காரணங்களை எழுத்தில் தர வேண்டும். விண்ணப்பித்தவரோடு உறவோ கூட்டு ஆய்வோ உள்ளவர் விலகிக்கொள்ள வேண்டும். பலரும் மேற்கோள் காட்டிய ஒரு கட்டுரையைக் குழு மட்டும் ஒரு வரியில் ஒதுக்கியிருந்தால், ஏன் என்று கேட்க அந்த மேற்கோள் எண்ணிக்கை துணை நிற்கும்.