டிவி அறைக்கு இரண்டு ஸ்பீக்கர் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் டிவி அறை 14 அடி நீளம், 11 அடி அகலம். பார்ப்பது நானும் மனைவியும்தான். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபையரும் நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் வாங்கலாம். அதே பணத்தில் ரிசீவர் (ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்), சப்வூஃபர் (அடியொலிப் பெட்டி) உட்பட 5.1 செட்டும், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், முழுதாகக் கிடைக்கிறது. எதை வாங்க?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோவையே வாங்குங்கள். ஒரே தொகையை இரண்டு பெட்டிக்குப் பிரிப்பதும் ஆறு பெட்டிக்குப் பிரிப்பதும் ஒன்றாகுமா? விலை குறைந்த 5.1 செட்டில் முன் ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். உள்ளே இருக்கும் 3 அங்குல கோன் (ஒலியெழுப்பும் கூம்பு) 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காக இறங்காது. ஆண் குரலின் கனமோ 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை சப்வூஃபர் எடுத்துக்கொள்ளும். ஆள் திரையில் இருப்பார், அவருடைய அடிக்குரல் அறை மூலையிலிருந்து வரும். 5 அல்லது 6½ அங்குல வூஃபர் (அடியொலி தரும் பெரிய கோன்) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் தானே சமாளித்துக்கொள்ளும்.

படம் 5.1-ல் இருந்தால் பாதி ஒலி போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். டிவியே அதை இரண்டு சேனலாக (ஸ்பீக்கருக்குப் போகும் தனித்தனி ஒலித்தடம்) மடக்கிக் கொடுக்கும். வசனம் வரும் சென்டர் சேனலின் ஒலி 3 டெசிபல் குறைக்கப்பட்டு இடம், வலம் இரண்டிலும் சமமாகச் சேரும். பின்பக்கச் சேனல்களும் அந்தந்தப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பெரும்பாலும் விடுபடுவது, பெயரில் '.1' என்று வருகிற குண்டுவெடிப்புச் சேனல் ஒன்றுதான்.

வைக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். உங்கள் அறையில் ஸ்பீக்கர்களுக்கு நடுவே 2.2 மீட்டர் விட்டு, அதே தூரத்திலோ சற்றே தள்ளியோ சோஃபாவைப் போடுங்கள். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சின்ன வட்டம்) காது உயரத்தில் இருக்கட்டும். சோஃபாவில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. வரும். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து ஒரு அடி இடைவெளி விடுங்கள். டிவி அலமாரியின் தட்டுக்குள் மட்டும் செருகிவிடாதீர்கள். எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும்.

வைத்து முடித்ததும் செய்தி வாசிப்பவர் குரலைக் கேளுங்கள். அது டிவியின் நட்டநடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல், பேஸும் (அடியொலி) காணாமல் போயிருந்தால் ஒரு ஸ்பீக்கருக்கு சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறியிருக்கிறது.

ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே ஆம்புக்கு அனுப்பும் வசதி) உள்ள ஆம்ப் கிடைத்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கலாம். ஆப்டிகல் (ஒளிக்கேபிள்) மட்டும்தான் என்றால் டிவி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் டிவி அனுப்பும் டால்பி சிக்னலை ஸ்டீரியோ ஆம்ப் பிரித்துப் படிக்க முடியாமல் ஊமையாகிவிடும், இல்லையென்றால் கரகரக்கும்.

கேள்வி: ஸ்டீரியோதான் வைத்திருக்கிறோம். வீட்டில் ஆறு பேர், நீளமான சோஃபா. நடுவில் உட்கார்ந்தால் வசனம் திரையிலிருந்து வருகிறது. ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கரே பேசுகிறது. பின்னாலும் ஸ்பீக்கர் வைக்கும் சரவுண்டுக்கு மாறினால் தீருமா?

பதில்: தீரும். ஆனால் தீர்த்து வைப்பது நடுவில் வைக்கிற ஒற்றை ஸ்பீக்கர், பின்னால் வைப்பவை அல்ல. ஸ்டீரியோவில் நடுக்குரல் என்று தனியாக ஒன்று இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குரல் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால், காது அதை நடுவில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. ஸ்பீக்கர்களுக்கு நடுவே 2.4 மீட்டர், சோஃபா 2.5 மீட்டர் தூரம் என்று வையுங்கள். நடுவிலிருந்து 1 மீட்டர் வலப்பக்கம் நகர்ந்தவருக்கு வலது ஸ்பீக்கர் 2.5 மீட்டரிலும் இடது ஸ்பீக்கர் 3.3 மீட்டரிலும் இருக்கும். இடப்பக்க ஒலி 2 மில்லி வினாடிக்கு மேல் பிந்தி வரும். 1 மில்லி வினாடி பிந்தினாலே போதும், முந்தி வந்த பக்கத்திலிருந்துதான் முழுக்குரலும் வருவதாகக் காது முடிவுகட்டிவிடும்.

ஆகவே முதலில் ஒரு ரிசீவரும் ஒரு சென்டர் ஸ்பீக்கரும் வாங்குங்கள். ரிசீவர் மெனுவில் சரவுண்ட் 'இல்லை' என்று கொடுத்தால் பின்பக்க ஒலியை அது முன்னால் சேர்த்துவிடும். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சென்டர், உங்கள் முன் ஸ்பீக்கர்களின் அதே மாடல் வரிசையைச் சேர்ந்ததாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் ஒரு கார் திரையைக் கடக்கும்போது நடுவில் வேறு காராக மாறும்! தட்டின் முன்விளிம்புவரை இழுத்து வைத்து, டிவிக்குக் கீழே இருந்தால் முகம் காதைப் பார்க்கும்படி சற்று நிமிர்த்துங்கள்.

அதுவரைக்கும் செலவில்லாத ஒரு வழி: இப்போதுள்ள ஸ்பீக்கர்களை நன்றாக உள்பக்கம் திருப்புங்கள். இரண்டின் பார்வையும் நடு இருக்கைக்குச் சற்று முன்பே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வேண்டும். அப்போது ஓரத்தில் இருப்பவரைத் தூரத்து ஸ்பீக்கர் நேராகப் பார்க்கும், பக்கத்து ஸ்பீக்கர் முகம் திருப்பிக்கொள்ளும். பிந்தி வரும் ஒலி சற்றுப் பலமாக வருவதால் குறை பாதியாவது மறையும்.

கேள்வி: புதிதாக 5.1 மாட்டினோம். பின் ஸ்பீக்கர்களிலிருந்து சத்தமே வரவில்லை. பழுதா?

பதில்: ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஷ்ஷ்' என்று வந்தால் வயரிலும் ஸ்பீக்கரிலும் பழுதில்லை. அடுத்து, படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று இருந்தால் அதற்கு வந்து சேர்வதே இரண்டு சேனல்தான்.

காரணம் பெரும்பாலும் டிவி மெனுவில் இருக்கும். முதல் கேள்விக்குச் சொன்னதற்கு நேர் எதிராக, இங்கே டிஜிட்டல் அவுட்புட் பிட்ஸ்ட்ரீம் (சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்புவது), பாஸ்-த்ரூ அல்லது ஆட்டோ என்று இருக்க வேண்டும். ஏஆர்சியும் ஆப்டிகலும் பிசிஎம்மில் இரண்டு சேனலுக்கு மேல் சுமக்காது. டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி அனுப்பினால்தான் 5.1 போகும். சுருக்காத 5.1 வேண்டுமென்றால் டிவி, ரிசீவர் இரண்டிலும் இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வகை) இருக்க வேண்டும். கேபிள், டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துளையில்தான் செருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளியிலிருந்து ஒரு செட்-டாப் பாக்ஸ் இணைத்திருந்தால் அதை டிவிக்குக் கொடுக்காமல் நேராக ரிசீவருக்குக் கொடுங்கள். சில டிவிகள் உள்ளே வரும் 5.1-ஐ ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் அமைதி என்றால் நிகழ்ச்சியே ஸ்டீரியோவாக இருக்கலாம். நல்ல 5.1 படத்திலும் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின் ஸ்பீக்கர்களுக்கு வேலையே இருக்காது. மழை, கூட்டம், பின்னணி இசை வரும்போதுதான் அவை வாய் திறக்கும். காசு கொடுத்தது கேட்க வேண்டுமே என்று எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைக் கொட்டும் ஆல் சேனல் ஸ்டீரியோவைப் போட்டுவிடாதீர்கள். வசனம் பிடரியிலிருந்து வரும்.

கேள்வி: சோஃபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. பின் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது?

பதில்: பக்கச் சுவர்களில், காதுக்கு நேராகவோ ஒரு கை பின்தள்ளியோ மாட்டுங்கள். 5.1-ல் அவற்றுக்குரிய இடமே பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால், முன்திசையிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள்தான். காது உயரத்துக்கு 1 முதல் 2 அடி மேலே இருந்தால் பக்கத்தில் உட்காருபவரின் தலை மறைக்காது. பின்சுவரில் தலைக்கு மேல் மாட்டினால் சூழ்ந்து வருவதற்குப் பதிலாக உச்சந்தலையில் விழும். பக்கச் சுவரில் ஒருபுறம் கதவோ ஜன்னலோ வருகிறதென்றால் 3.1-ஓடு (முன்னால் மூன்று ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) நிறுத்திக்கொள்வது உத்தமம். இன்னும் இரண்டு பின் ஸ்பீக்கர் சேரும் 7.1 பற்றி இந்த அறையில் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: சப்வூஃபர் எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி 'தும் தும்' என்று அதிர்கிறது. ஏன்?

பதில்: அதிர்வது அறை. உதாரணமாக, 14 அடி நீள அறை 40 ஹெர்ட்ஸ் அருகே தானே முழங்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்கு அது உச்சத்தில் கேட்கும். சோஃபாவை ஒரு அடி முன்னால் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். பிறகு சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். ஒவ்வொரு சுருதியும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும் இடம் எதுவோ அதுதான் சப்வூஃபரின் இடம். (கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம்.) ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை ஸ்மால் என்றும் கிராஸ்ஓவரை (சப்வூஃபருக்கு ஒலி பிரியும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்றும் கொடுங்கள். சப்வூஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் திருகு உச்சத்தில் இருக்கட்டும். இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் மாற்றிப் பார்த்து, சத்தம் கூடுதலாக வருவதில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வசனம் முணுமுணுப்பு, சண்டை இடி. இரவில் ரிமோட்டைக் கீழே வைக்க முடியவில்லை.

பதில்: ரிசீவரிலோ டிவியிலோ நைட் மோடு அல்லது டைனமிக் ரேஞ்ச் என்றிருப்பதைத் தேடிப் போடுங்கள். சிறு ஒலியை உயர்த்திப் பேரொலியை அமுக்கும். சென்டர் இருப்பவர்கள் அதை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம். ஸ்டீரியோக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: 'விர்ச்சுவல் சரவுண்ட்' சவுண்ட்பார் உண்மையில் சரவுண்டா?

பதில்: பக்கச் சுவரில் ஒலியை மோதவிட்டோ, ஒலியைச் செயலாக்கிக் காதை ஏமாற்றியோ காட்டும் வித்தை. மோதவிடும் வகை, இரு பக்கமும் வெற்றுச்சுவர் இருந்தால் ஓரளவு பலிக்கும். ஒருபக்கம் திரைச்சீலை என்றால் இல்லை. சவுண்ட்பார்தான் வாங்குவேன் என்றால் தனி சென்டர் உள்ள 3.1 வகையாகப் பாருங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் வயர் எவ்வளவு தடிமன்?

பதில்: 10 மீட்டர் வரைக்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்கு மேல் 2.5. முனையை ஒரு செ.மீ.க்கு மேல் உரிக்காதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், அணைக்கத் தெரியாத ஆம்ப் என்றால் புகையும்.