ஹவாய் நில அனுமதி: "யாரும் பதில் போடவில்லை, அப்போ வழக்கம் எதுவும் இல்லை என்று எழுதலாமா?"

கே: கோனாவில் ஒரு ஏக்கர் வாங்கியிருக்கிறேன். வீடு கட்ட என்னென்ன அனுமதி வேண்டும்?

ப: நிலத்தின் வரி வரைபட எண் எழுதவில்லை, எந்த மண்டலம் என்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? நகரம், கிராமம், வேளாண்மை, பாதுகாப்பு என்று நாலு மண்டலம். பாதுகாப்பு என்றால் மாநில நிலம், இயற்கை வளத் துறையிடம் போங்கள். கடலோரச் சிறப்பு மேலாண்மைப் பகுதி என்றால் கவுன்ட்டியிடம். இரண்டுமாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள், அதற்கு முன் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள்.

கே: தொல்லியல் ஆய்வில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அறிக்கை போதும்தானே?

ப: போதாது. தொல்லியலாளர் பார்ப்பது மண்ணையும் கல்லையும். 2000இல் மாநில உச்ச நீதிமன்றம் தந்த கா பாஆகாய் தீர்ப்பு கேட்பது மூன்று: இங்கே ஹவாய்ப் பூர்வகுடிகளின் என்ன வளமும் வழக்கமும் இருக்கிறது, உங்கள் திட்டத்தால் அதற்கு என்ன ஆகும், காப்பாற்ற என்ன செய்ய முடியும். கோனா பக்கத்துக் கவூபூலேஹுவில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் விவகாரம் அது. வழக்கங்களைக் காப்பாற்றும் பொறுப்பை மாநில நிலப் பயன்பாட்டு ஆணையம் கட்டுமான நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டது. நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. முடிவு எழுத வேண்டியது அரசுதான், ஆனால் எழுதுவதற்கு விஷயம் நீங்கள் கொடுக்க வேண்டும்.

கே: பூர்வகுடி விவகார அலுவலகத்துக்கும் இன்னும் மூன்று பேருக்கும், எங்கள் நிலத்தில் பூர்வகுடி வழக்கம் ஏதும் உண்டா என்று கேட்டுக் கடிதம் அனுப்பினோம். 30 நாளாகியும் பதில் இல்லை. "பாரம்பரிய வழக்கம் எதுவும் இல்லை" என்று எழுதிவிடலாமா?

ப: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, ஒவ்வொரு தடவையும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. பதில் வரவில்லை என்றால் பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம். மங்கலான வரைபடமும் "கருத்து இருந்தால் தெரிவிக்கவும்" என்ற ஒரு வரியும் உள்ள கடிதம், பாறையில் ஓபிஹி (உண்ணும் கடல் நத்தை) பெயர்க்கிறவர் வீட்டுக்குப் போய்ச் சேருமா? 1778க்கு முன் தீவுகளில் வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு, பிழைப்புக்கும் பண்பாட்டுக்கும் வழிபாட்டுக்குமான வழக்க உரிமைகளை மாநில அரசியல் சாசனமே 1978இல் உறுதி செய்துவிட்டது. கடிதத்துக்குப் பதில் போட்டால்தான் அந்த உரிமை என்று அதில் எங்கேயும் இல்லை.

நானும் ஆரம்பத்தில் இதே தப்பைச் செய்தவன்தான். கடலோர வேலை ஒன்றில் "வழக்கம் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணை அன்று எழுபது வயது ஆன்ட்டி ஒருவர் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார், தண்ணீர் சொட்டி என் காகிதமெல்லாம் நனைந்தது. உள்ளே காலையில் பறித்த லிமு, கடற்பாசி. அவர் அம்மா காலத்திலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை, நாங்கள் வேலி குறித்திருந்த இடத்தின் குறுக்கே போகிறது. வரைபடத்தில் அதற்கு "பழைய வண்டித் தடம்" என்று பெயர் போட்டவன் நான்.

அதனால் சொல்கிறேன், நடந்து பாருங்கள். கடல் வற்றும் நேரத்தில், விடுமுறை நாள் காலையில் போய் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 1848இல் மாஹேலே என்ற நிலப் பங்கீட்டுக்குப் பிறகு அந்த அஹுபுவாஆவில் (மலையிலிருந்து கடல் வரை போகும் பழைய நிலப் பிரிவு) கூலியானா நிலம் (சாதாரணக் குடிகளுக்குக் கிடைத்த துண்டு) பெற்ற குடும்பங்களின் பெயர்கள் பழைய பதிவுகளில் இருக்கின்றன, பேரப்பிள்ளைகளைத் தேடிப் பேசுங்கள், அதுவும் வரைபடம் போடுவதற்கு முன்னால். யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அப்புறம், பறிக்கிற இடத்தை அவர் அனுமதி இல்லாமல் அச்சில் போடாதீர்கள்.

கே: தோண்டும்போது எலும்பு வந்தால் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வேலையைத் தொடரலாமா?

ப: கூடவே கூடாது. அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள், கை வைக்காதீர்கள், காவல்துறைக்கும் மருத்துவப் பரிசோதகருக்கும் மாநிலத் தொல்சின்னப் பாதுகாப்புப் பிரிவுக்கும் உடனே சொல்லுங்கள். மௌயி தீவின் ஹோனோகாஹுவாவில் 1980களின் இறுதியில் ஹோட்டலுக்காகத் தோண்டியபோது கிட்டத்தட்ட 1,000 இவி கூபுனா (மூதாதையர் எலும்புகள்) வெளிவந்து, ஹோட்டலே மலைப் பக்கம் தள்ளிப் போனது. முன்னதாக ஆய்விலேயே தெரிந்தால் அங்கேயே காப்பதா, இடம் மாற்றுவதா என்று தீவின் அடக்கத்தல மன்றம் முடிவு செய்யும். வேலை நடுவில் கிடைத்தால் அந்த முடிவு துறையின் கைக்குப் போய்விடும். மணல்மேட்டில் கட்டுகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

கே: தொல்லியல் ஆய்வைக் கட்டம் கட்டமாகச் செய்து, முதல் கட்டம் முடிந்த இடத்தில் வேலை தொடங்கலாமா?

ப: ஹொனலூலு ரயில் திட்டம் அப்படிச் செய்துதான் 2012இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் மாட்டியது. அடுத்த வருடமே சட்டத்தைத் திருத்தி, நீண்ட தடம், பெரிய நிலப்பரப்பு மாதிரி சில திட்டங்களுக்கு வழிவிட்டார்கள். உங்களுடையது ஒரே ஒரு ஏக்கர்.

கே: ஹவாய் பெயர்களில் ஒகினா குறி (தொண்டையில் ஒலி நின்று வருவதைக் காட்டும் குறி) கட்டாயமா?

ப: போடுங்கள். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

கே: மொத்தம் எத்தனை நாளில் அனுமதி கிடைக்கும்?

ப: பாதுகாப்பு மண்டல விண்ணப்பத்துக்கு 180 நாள் என்பார்கள், அது ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. உங்கள் வரைபடத்தில் கடல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, ஏற்றுக்கொள்வதைப் பற்றி அப்புறம் பேசலாம்.